கத்துவது பெல்ட், காரணம் வேறு

“காலையில காடிய ஸ்டார்ட் பண்ணா கிறீச்சுனு கத்துது. ஃபேன் பெல்ட்ட மாத்திட்டா போயிருமா?”

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். சித்தப்பா கேட்பார், அத்தை மகன் கேட்பான், இப்போதுதான் லைசென்ஸ் எடுத்த அக்கா மகளும் கேட்பாள். என்னிடம் கேட்பதற்குக் காரணம் நான் போர்மேன் என்பதல்ல, பழைய காடியை விடாமல் ஓட்டுகிறவள் என்பதுதான். முதல் தலைமுறை மைவி. பெரோடுவா 2005-ல் வெளியிட்ட அந்த உருண்டை முகக் காடி எங்கள் செலாயாங்கில் இன்னமும் தெருவுக்குத் தெரு நிற்கிறது. பழைய காடி வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் தெரிந்துவிடும்.

என் பதில் எப்போதும் இதுதான்: போகும், ஆனால் திரும்பி வரும். புது பெல்ட் போட்டால் சத்தம் சில வாரங்களுக்கு அடங்கும். பெல்ட் ஏன் கத்தியது என்று யாரும் பார்க்காமல் விட்டால், அந்தக் காரணம் புது பெல்ட்டையும் பழையதாக்கிவிட்டு மறுபடி கத்த வைக்கும். அப்புறம் “அந்த பெல்ட் பிராண்ட் சரியில்லை” என்போம். பெல்ட்டைத் திட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அதைத்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன். நீளமாகத்தான் வரும்.

முதலில் இந்த ஊர்ப் பாதையைச் சொல்ல வேண்டும். காலையில் ஜாலான் ஈப்போவிலோ எம்ஆர்ஆர்2-விலோ ஏறினால் காடி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். பாசார் போரோங் பக்கம் காய்கறி லோரிகள், மருத்துவமனை டிராபிக் லைட், அதைத் தாண்டினால் பத்துமலைச் சுற்று. தைப்பூச வாரத்தில் கேட்கவே வேண்டாம். வெயில் 33, 34 டிகிரி, ஏர்கோன் முழு வேகத்தில், எஞ்சினோ ஐட்லிங்கில். காடிக்குள் உட்கார்ந்திருக்கும் நமக்குச் சும்மா நிற்பது போலத்தான் இருக்கும். பெல்ட்டுக்கு அதுதான் கடினமான வேலை நேரம். எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, காற்று ஓட்டம் இல்லாமல் பானட்டுக்குள் சூடு ஏறுகிறது, ஏர்கோன் கம்ப்ரசர் நிமிடத்துக்கு நிமிடம் பிடித்துப் பிடித்து விடுகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மழை கொட்டினால் வைப்பர், ஹெட்லைட், கண்ணாடிச் சூடேற்றி எல்லாம் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் கரண்ட் கொடுப்பது ஆல்டர்னேட்டர். அதைச் சுற்றுவது நம்முடைய அந்தக் கறுப்பு வார்.

இன்னொரு விஷயம். லோரி, டாக்சி, பேருந்துகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை பரிசோதனை உண்டு. சொந்தக் காடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெயர் மாற்றும்போதுதான் பரிசோதனை நிலையத்தின் வாசலை மிதிக்கிறோம். அதனால் எஞ்சின் எண்ணெய் மாற்றப் போகும் நாளைத் தவிர வேறு யாரும் பானட்டைத் திறந்து பார்ப்பதில்லை. எண்ணெய் மாற்றும் பையனும் எண்ணெயைத்தான் பார்க்கிறான்.

அப்படி யாரும் பார்க்காத அந்த பெல்ட் என்னதான் செய்கிறது? எஞ்சினின் கிராங்க் தண்டின் முனையில் ஒரு பெரிய புல்லி இருக்கும். எஞ்சின் ஓடும்போதெல்லாம் அது சுற்றும். அந்தச் சுற்றை எடுத்து மற்ற சாமான்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பெல்ட்டின் வேலை. ஆல்டர்னேட்டர், ஏர்கோன் கம்ப்ரசர், பல காடிகளில் வாட்டர் பம்ப், பழைய பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதன் பம்ப். என் மைவியில் ஸ்டீயரிங்குக்கு மின்சார மோட்டார் என்பதால் அந்தப் பம்ப் கிடையாது. ஆனால் வாட்டர் பம்ப் பெல்ட்டில்தான் ஓடுகிறது. பழைய வீராவில் ஸ்டீயரிங் பம்புக்குத் தனி பெல்ட், மற்றதற்குத் தனி பெல்ட் என்று இரண்டு மூன்று இருக்கும். புதிய காடிகள் பலவற்றில் ஒரே நீள பெல்ட் எல்லாப் புல்லிகளையும் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து சுற்றி வரும்.

டைமிங் பெல்ட்டையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது மூடிக்குள் இருப்பது, வால்வுகளுக்கானது. கன்சிலுக்கும் வீராவுக்கும் டைமிங் பெல்ட் உண்டு, மைவியில் அந்த வேலையைச் சங்கிலி செய்கிறது. இந்தப் பதிவு வெளியில் ஓடும் பெல்ட்டைப் பற்றி மட்டும்.

எந்தப் புல்லி முதலில் வழுக்கும்? பெரும்பாலும் ஆல்டர்னேட்டர்தான். காரணம் எளிது. அதன் புல்லி சின்னது. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் ஆல்டர்னேட்டர் இரண்டு முதல் மூன்று சுற்று சுற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தச் சின்னப் புல்லியைப் பெல்ட் தழுவும் பரப்பும் குறைவு. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் பேட்டரி, ஸ்டார்ட்டருக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கும். ஆல்டர்னேட்டர் அதை நிரப்ப முழு மூச்சாக இறங்கும்போது அதைச் சுற்றுவது கடினமாகிவிடும். அதே நேரம் பெல்ட்டில் ராத்திரி ஈரம். நாமும் உட்கார்ந்தவுடன் ஏர்கோனைத் தட்டிவிடுகிறோம். பெல்ட் வழுக்கிக் கத்துகிறது. அரை நிமிடத்தில் ஈரம் காய்ந்து, பேட்டரியும் கொஞ்சம் நிரம்பி, சத்தம் அடங்குகிறது. “சூடானா சரியாயிருது” என்று நாமும் வேலைக்குப் போய்விடுகிறோம்.

எங்கள் போர்மேன் அண்ணன் இந்த “சூடானா சரியாயிருது” கதையைக் கேட்டால் சிரிப்பார். செலாயாங் பாருவில் கடைவீட்டு வரிசையின் பின்சந்தில் பட்டறை. பெயர்ப்பலகை பழசாகிப் பாதி எழுத்து இல்லை. அவர் சத்தத்தை முதலில் காதால் பிரிப்பார். நீளமாகக் கிறீச்ச்ச் என்று இழுத்தால் ஒன்று, குருவி மாதிரி கீச்கீச்கீச் என்று ஒரே தாளத்தில் விட்டு விட்டு வந்தால் இன்னொன்று. முதலாவது வழுக்கல். இரண்டாவது, புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பதற்கான அடையாளம். மூன்றாவதாக ஒரு கரகரப்பு உண்டு. அது பெல்ட்டே இல்லை, ஏதோ ஒரு பேரிங் காய்ந்துபோயிருக்கிறது.

காது சொல்வதை உறுதிப்படுத்த அவர் வைத்திருப்பது ஒரு தண்ணீர்ப் புட்டி. செடிக்கு அடிக்கிற ஸ்பிரே புட்டிதான். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, கையைத் தூரமாக வைத்துக்கொண்டு, பெல்ட்டின் கோடு போட்ட பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைப் பீச்சுவார். தண்ணீர் பட்டவுடன் சத்தம் நின்று, சில நொடிகளில் திரும்ப வந்தால் புல்லி கோணல். தண்ணீர் பட்டவுடன் சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது: இழுவிசை போதவில்லை, அல்லது பெல்ட் தேய்ந்துவிட்டது. உலகம் முழுக்க பெல்ட் செய்யும் நிறுவனங்கள் சொல்லிக்கொடுக்கிற சோதனைதான் இது. ஆனால் எத்தனை பட்டறைகளில் செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் பானட்டைத் திறந்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து, “பெல்ட் லூஸ்” என்று ஸ்பேனாவை எடுத்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வரும். கத்துகிற பெல்ட்டை இறுக்கினால் சத்தம் நிற்கும். கோணல் புல்லியானாலும், எண்ணெய் பட்ட பெல்ட்டானாலும், தேய்ந்ததானாலும், போதுமான அளவு இறுக்கினால் நின்றுவிடும். அதனால் இறுக்குவது கைகண்ட மருந்து போலத் தெரியும். ஆனால் அந்த இழுப்பு அத்தனையும் ஆல்டர்னேட்டரின் முன் பேரிங்கிலும் வாட்டர் பம்பின் பேரிங்கிலும் போய் விழுகிறது. பேரிங் அளவுக்கு மீறிய பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. சில மாதங்களில் ஆல்டர்னேட்டர் ஊளையிட ஆரம்பிக்கும். அல்லது வாட்டர் பம்பின் சீல் போய், அதன் அடியில் உள்ள சின்னத் துளையிலிருந்து கூலண்ட் கசியத் தொடங்கும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பட்டறையில் என் காடிக்கு இதுதான் நடந்தது. பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி முறுக்கிக் கொடுத்தார்கள். சத்தம் சுத்தமாகப் போனது. அப்புறம் ஆல்டர்னேட்டர் போனது. ரீகான் ஆல்டர்னேட்டர் போட்ட செலவில் எத்தனையோ பெல்ட் வாங்கியிருக்கலாம்.

அந்தக் காடியைக் கடைசியில் அண்ணனிடம் கொண்டுபோனபோது அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெல்ட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு புல்லியாக விரலால் சுற்றினார். ஆல்டர்னேட்டர் வழவழப்பாக ஓடியது, அது புதுசு. வாட்டர் பம்ப் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். கண்ணுக்குத் தெரியாத ஓர் அசைவு, விரலுக்கு மட்டும் தெரிந்தது. “இங்க கைய வை தங்கச்சி” என்றார். வைத்தேன். கொட்டாங்கச்சிக்குள் மணல் உருளுவது போல ஒரு நறநறப்பு.

“இதுக்குத்தான் கத்துச்சா அண்ணே?”

“மொதல்ல கத்துனது இதுக்கில்லலா. பாரு, இங்க.”

வால்வ் மூடியின் விளிம்பிலிருந்து கறுப்பாக ஒரு கோடு எஞ்சினின் பக்கவாட்டில் வழிந்து, புல்லிக்கு நேர் மேலே முடிந்திருந்தது. மூடியின் ரப்பர் கேஸ்கெட் காய்ந்து கடினமாகி, எண்ணெய் சொட்டுச் சொட்டாக பெல்ட்டில் விழுந்திருக்கிறது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி வழவழக்கும், வழுக்கும், கத்தும். இறுக்கினார்கள், நின்றது. இறுக்கியதில் பேரிங் போனது. எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு மலிவான கேஸ்கெட். அதை மாற்றினார், வாட்டர் பம்பை மாற்றினார், கடைசியாகத்தான் புது பெல்ட். அந்த வரிசை முக்கியம். கசிவை நிறுத்தாமல் புது பெல்ட் போடுவது புது பெல்ட்டை எண்ணெயில் ஊறப்போடுவதற்குச் சமம்.

கசிவு தவிர இன்னொரு உள்ளூர்க் காரணம் உண்டு. முன்சக்கரத்தின் மட்காட்டுக்கு உள்ளே, எஞ்சின் பக்கமாக, ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீரும் மணலும் புல்லிகளில் படாமல் தடுப்பதுதான் அதன் வேலை. தாமான்களில் இருக்கிற உயரமான பம்ப்புகளில் உரசியோ, திடீர் வெள்ளத்தில் இறங்கியோ அது கிழிந்து தொங்கும். தொங்குவதைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓட்டுகிறோம். “அது சும்மா பிளாஸ்டிக்தானே” என்று பட்டறையிலும் சொல்வார்கள். அது போன பிறகு மழை நாளில் குழியில் விழுந்து எழும்போதெல்லாம் பெல்ட் ஒரு தடவை கத்தும். ஈரத்தைவிட மோசம் மணல். மணல் பெல்ட்டின் வரிகளுக்கிடையே போய் உட்கார்ந்து உப்புத்தாள் போல அரைக்கும். உங்கள் காடி மழையில் மட்டும் கத்துகிறதென்றால், பெல்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து அந்தத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி பெல்ட்டையே பார்ப்போம்.

மோட்டார் காடிகளுக்கு ரப்பரால் ஆன வி வடிவ பெல்ட்டை உருவாக்கியவர் அமெரிக்காவின் கொலராடோவில் ஜான் கேட்ஸ். ஆண்டு 1917. அதற்கு முன்னால் தோல் வார், கயிறு என்று எதையெதையோ வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அறுபது ஆண்டுகள் அந்த வி பெல்ட்டின் ஆட்சிதான். அதே கேட்ஸ் நிறுவனத்தில் ஜிம் வான்ஸ் என்ற பொறியாளர், எல்லாச் சாமான்களையும் ஒரே பெல்ட்டில் வளைத்து ஓட்டும் முறையை உருவாக்கினார். அது 1979 ஃபோர்டு மஸ்டாங் காடியில் முதலில் வந்தது. தட்டையான பெல்ட், உள்பக்கம் நீளவாக்கில் பல சின்ன வி வரிகள். மெல்லியதாக இருப்பதால் சின்னப் புல்லியிலும் நன்றாக வளையும், பின்பக்கமாகவும் வளையும். இன்றைக்கு உங்கள் காடியில் இருப்பது அநேகமாக இந்த வரி பெல்ட்தான்.

நம் ஆட்களுக்கு ரப்பர் என்றால் சும்மா இல்லை. 1877-ல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் தொடங்கி இந்த நாடே பால்மரக் காடானது. அந்தப் பாலைச் சீவியெடுத்தது பெரும்பாலும் எங்கள் தாத்தா பாட்டி தலைமுறை. விடியும் முன் எழுந்து, மங்கு மங்காகச் சேர்த்த பால் உலகத்தின் டயர்களாகவும் பெல்ட்டுகளாகவும் போனது. ஆனால் இன்றைய ஃபேன் பெல்ட்டின் ரப்பரில் அந்தப் பால் இல்லை. அது பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை ரப்பர். முதலில் நியோப்ரீன் என்ற வகை. 1990-களின் பிற்பகுதியிலிருந்து மெதுமெதுவாக ஈபிடிஎம் என்ற வகை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மாற்றத்துக்குக் காரணம் ரசாயனம். இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறு சங்கிலி நெடுக இரட்டைப் பிணைப்புகள் இருக்கும். சூடும் காற்றிலிருக்கும் ஓசோனும் அந்த இடங்களில்தான் தாக்கி சங்கிலியை வெட்டும். வெளியில் போட்ட ரப்பர் குழாய் வெடித்துப்போவது அதனால்தான். நியோப்ரீன் அதைவிடத் தேவலை, ஆனாலும் எஞ்சின் சூட்டில் நாளடைவில் கடினமாகி வெடிக்கும். ஈபிடிஎம் சங்கிலியின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு இல்லை. அதனால் சூட்டையும் ஓசோனையும் அது நன்றாகத் தாங்கும். எளிதில் வெடிக்காது.

வெடிக்காது என்பதுதான் சிக்கலும். நியோப்ரீன் காலத்தில் போர்மேன்கள் கற்றுக்கொண்ட பாடம் “வெடிப்பு இருந்தா மாத்து, இல்லன்னா ஓட்டு” என்பது. ஓர் அங்குலத்துக்குள் மூன்று வெடிப்புக்கு மேல் எண்ணினால் பெல்ட் முடிந்தது என்று அர்த்தம். அந்தக் காலத்துக்கு அது சரியான பாடம். இப்போதுள்ள ஈபிடிஎம் பெல்ட் டயர் போலத் தேய்கிறது. ஒரு வெடிப்பும் இல்லாமல், கறுப்பாகப் பளிச்சென்று இருக்கும்போதே உள்ளுக்குள் வரிகளின் ரப்பர் கரைந்துகொண்டிருக்கும். பார்த்த மாத்திரத்தில் “நல்லா இருக்கே” என்று மூடிவிடுவோம்.

தேய்வதால் என்ன ஆகும்? புது பெல்ட்டின் வரி, புல்லியின் பள்ளத்தில் ஆப்பு போல இறங்கி இரு பக்கச் சுவரையும் பிடித்து நிற்கும். பிடிப்பு அந்தப் பக்கச் சுவர்களில்தான், அடியில் அல்ல. ரப்பர் தேயத் தேய வரிகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் அகலமாகும். பெல்ட் புல்லிக்குள் மேலும் இறங்கும். கடைசியில் புல்லியின் மேடு பெல்ட்டின் பள்ளத்தின் அடியைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு ஆப்புப் பிடிப்பு போய்விடும். எவ்வளவு இறுக்கினாலும் பெல்ட் அடித்தளத்தில் உட்கார்ந்துகொண்டு வழுக்கும். வரியின் ரப்பரில் நூற்றில் ஐந்து பங்கு குறைந்தாலே வேலை கெடத் தொடங்கும் என்று பெல்ட் நிறுவனங்கள் சொல்கின்றன. கண்ணால் பிடிக்க முடியாத அளவு அது.

இதை அளக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் அளவி இருக்கிறது. பள்ளத்தில் வைத்தால், பெல்ட்டின் மேற்பரப்புக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கிறதா, உள்ளே அமுங்கிவிடுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். அது கிடைக்கவில்லை என்றால் ஒரு வழி உண்டு. கழற்றிய பழைய பெல்ட்டையும் புதியதையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி மடக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புதியதில் வரிகளின் முனை கொஞ்சம் தட்டையாக, பள்ளம் ஒடுக்கமாக இருக்கும். தேய்ந்ததில் முனை கூர்மையாகிப் பள்ளம் விரிந்திருக்கும். ஒரு முறை பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. பழையதைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் உங்கள் போர்மேனிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். இதில் இன்னொரு லாபம், உண்மையிலேயே மாற்றினார்களா என்பதும் தெரிந்துவிடும்.

சாமான் கடையில் பெல்ட் வாங்குவது எளிது. பெல்ட்டின் முதுகிலேயே எண் இருக்கும். 4பிகே 855 என்று இருந்தால் நான்கு வரி, பிகே என்பது வரியின் வடிவம், 855 மில்லிமீட்டர் நீளம். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு 3.56 மில்லிமீட்டர். இது உலகப் பொது அளவு என்பதால் எந்த நிறுவனத்தின் பெல்ட்டும் அந்த எண்ணில் பொருந்தும். எங்கள் பக்கக் கடைகளில் பாண்டோ, மிட்சுபோஷி என்ற இரண்டு ஜப்பான் பெயர்கள் சாதாரணமாகக் கிடைக்கும். இரண்டும் கோபே நகரத்தில் பிறந்தவை. தமிழ்நாட்டுக்காரர்கள் கேட்டால் ஃபென்னர் என்பார்கள், அந்த பெல்ட் ஆலை மதுரை கோச்சடையில் இருக்கிறது. எண் சரியாக இருந்தால் பிராண்டுச் சண்டை எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் எண்ணெய் படிந்து எண் அழிந்த பெல்ட்டைக் கொண்டுபோய் “இதே சைஸ் வேணும்” என்று நீட்டாதீர்கள். கடைக்காரர் கயிறு வைத்து அளந்து ஏதோ ஒன்றைக் கொடுப்பார். காடியின் மாடல், எஞ்சின் வகை, ஆண்டு இவற்றைச் சொல்லிப் பட்டியலைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். விலை பெரும்பாலான சின்னக் காடிகளுக்குச் சில பத்து வெள்ளிதான்.

கத்துகிற பெல்ட்டில் சோப்புக்கட்டியைத் தேய்க்கிறவர்களும், துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயை அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். சோப்பு மழைத் தண்ணீர் பட்டவுடன் வழுக்கலைக் கூட்டும். துரு ஸ்பிரே பெட்ரோலியச் சரக்கு, ரப்பரை ஊதவைக்கும். பெல்ட்டுக்கென்றே விற்கும் பிசுபிசு ஸ்பிரே ஒன்று உண்டு. அது தூசியையும் மணலையும் ஒட்ட வைத்துக்கொள்ளும். காடியை விற்கும் நாளில் சத்தத்தை மறைப்பதற்குத்தான் அது உதவும். பழைய காடி வாங்கப் போகிறவர்கள் பெல்ட்டில் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு தொடுங்கள். ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடுவது, சூடாக இருந்தால் அணைத்த பிறகும் தானாகச் சுற்றும். தாலிக்கொடி, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. இதில் எனக்கு விளையாட்டே கிடையாது.

எவ்வளவு நாளுக்கு ஒரு தடவை மாற்றுவது? உங்கள் காடியின் சேவைப் புத்தகம் சொல்வதுதான் முதல் பதில். பொதுவாக பெல்ட் நிறுவனங்கள் சுமார் 1 லட்சம் கிலோமீட்டரில் கவனமாகச் சோதிக்கச் சொல்கின்றன, ஒன்றரை லட்சத்தை நெருங்கும்போது மாற்றிவிடச் சொல்கின்றன. எங்கள் ஊர் ஜாமில் கிலோமீட்டர் கணக்கு பாதிக் கதைதான். மீட்டர் நகராமலேயே எஞ்சின் மணிக்கணக்கில் ஓடுகிறது, பெல்ட்டும் கூடவே. நான் கிலோமீட்டரை நம்புவதில்லை. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பார்க்கச் சொல்வேன், நானும் பார்ப்பேன்.

மாற்றும்போது இரண்டு விஷயத்தை மட்டும் நின்று கவனியுங்கள். ஒன்று, வரிகள் புல்லியின் பள்ளங்களில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது. ஒரு பள்ளம் தள்ளி மாட்டிவிடுவது சர்வ சாதாரணம். ஒரு வரி வெளியே தொங்கிக்கொண்டு ஓடி, சில நாளில் நாராகக் கிழிந்து வரும். எஞ்சினைக் கிளப்பும் முன் ஒவ்வொரு புல்லியின் விளிம்பையும் விரலால் தடவிவிட்டால் போதும். இரண்டு, இழுவிசை. கையால் இறுக்கும் வகைக் காடிகளில், இரண்டு புல்லிகளுக்கு நடுவே உள்ள நீளமான பகுதியைப் பத்து கிலோ அளவு அழுத்தினால் எத்தனை மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். புது பெல்ட்டுக்கு ஓர் அளவு, பழையதற்கு வேறு அளவு. டொயோட்டா கையேடுகளில் ஒரு குறிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்: ஐந்து நிமிடம் எஞ்சினில் ஓடிவிட்டாலே அது பழைய பெல்ட் கணக்கு. புதிதாகப் போட்ட பெல்ட் ஓடியதும் பள்ளத்தில் பதிந்து கொஞ்சம் தளரும். அதனால்தான் அண்ணன் மாற்றி முடித்ததும், “ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வா” என்று எஞ்சினை ஓடவிட்டு, பிறகு அணைத்து மறுபடி இழுவிசையைப் பார்ப்பார். மாற்றிய கையோடு பானட்டை மூடிச் சாவியைக் கொடுக்கிற பட்டறைக்கு நான் இரண்டாம் முறை போவதில்லை.

ஸ்பிரிங் வைத்துத் தானாக இறுக்கும் டென்ஷனர் உள்ள காடிகளில் இந்த வேலை இல்லை. ஆனால் அந்த ஸ்பிரிங்கும் சோர்ந்துபோகும். எஞ்சின் ஓடும்போது டென்ஷனரின் கை படபடவென்று ஆடினால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். கிராங்க் புல்லியையும் பாருங்கள். அது ஒரே இரும்புத் துண்டாகத் தெரிந்தாலும் பல காடிகளில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் ஒட்டியிருக்கும். அந்த ரப்பர் விட்டுப்போனால் வெளிவளையம் தள்ளாடும், பெல்ட் கீச்கீச் என்னும், யாரும் கிராங்க் புல்லியைச் சந்தேகப்படவே மாட்டார்கள்.

இத்தனையும் தாண்டி, ஓடும்போதே பெல்ட் அறுந்துவிட்டால்? முதலில் டப் என்று ஒரு சத்தம், அடுத்து டாஷ்போர்டில் சிவப்பாக பேட்டரி விளக்கு. வீரா போன்ற காடியில் ஸ்டீயரிங் பெல்ட் போனால் ஸ்டீயரிங் கல்லாகும். ஏர்கோன் சூடாகும். இதில் எதற்கும் பயப்பட வேண்டாம், ஆனால் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டில் ஓடுகிற காடியென்றால் தண்ணீர் சுற்று நின்றுவிட்டது, சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கும். “பேட்டரி விளக்குதானே, வீடு வரைக்கும் போயிரலாம்” என்று ஓட்டிவந்து, அலுமினியத் தலை வளைந்து, ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். 2017-ல் திறந்த ராவாங் பைபாஸ் மேம்பாலம் மாதிரி ஒதுங்க இடம் கம்மியான பாதையிலோ கெந்திங் ஏற்றத்திலோ இது நடந்தால் தலைவலி இரட்டிப்பு. அபாய விளக்கைப் போட்டு, இடது ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, காடியை விட்டு இறங்கி, மேம்பாலமாக இல்லாவிட்டால் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். பெண்களின் காலுறையை முடிச்சுப் போட்டுத் தற்காலிக பெல்ட்டாக ஓட்டிய கதை பழைய வி பெல்ட் காலத்துக் கதை. வளைந்து வளைந்து ஓடும் இன்றைய வரி பெல்ட்டுக்கு அது ஆகாது.

இன்னும் கொஞ்ச காலத்தில் இதெல்லாம் பழைய பேச்சாகிவிடும். 2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில் வாட்டர் பம்ப், ஏர்கோன் கம்ப்ரசர் எல்லாம் மின்சாரத்தில் ஓடுவதால் வெளி பெல்ட்டே கிடையாது. 2024 டிசம்பரில் புரோட்டோன் வெளியிட்ட இ.மாஸ் 7 முழு மின்சாரக் காடி, அதில் எஞ்சினே இல்லை, பெல்ட் எங்கே இருக்கப்போகிறது. அக்கா மகள் அதைத்தான் வாங்க வேண்டும் என்கிறாள். வாங்கட்டும். அதுவரை அவள் ஓட்டுவது அவளுடைய அப்பாவின் பழைய சாகா.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். தீபாவளிக்கு சுங்கை சிப்புட், தைப்பிங் என்று நெடுந்தூரம் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், முதல் நாள் வேண்டாம். முதல் நாள் எல்லாப் பட்டறையிலும் கூட்டம், யாருக்கும் தண்ணீர்ப் புட்டி எடுக்க நேரமிருக்காது. கழற்றிய பழைய பெல்ட் தேய்ந்திருந்தாலும் கிழியாமல், எண்ணெய் படாமல் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி ஸ்பேர் டயருக்குள் வையுங்கள். கூடவே 12, 14 நம்பர் ஸ்பேனா ஒவ்வொன்று. உங்களுக்கு மாட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தஞ்சோங் மாலிமில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு போர்மேனைக் கண்டுபிடித்துவிடலாம், உங்கள் காடிக்கான பெல்ட்டோடு திறந்திருக்கும் சாமான் கடையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.